ஏழு குரல் காத்தாயியார்

திருக்களம்பூண்டியில் களமுடையார் கோயிலின் வடக்கு மதிலை ஒட்டி வெளியே ஒரு நெல் குத்தும் கொட்டில் இருந்தது. நான்கு உரல், ஏழு உலக்கை, ஏழு பெண்கள். களமுடையாருக்கு நாளொன்றுக்கு மூன்று வேளை அமுது. கல்லாய் அமர்ந்திருப்பவருக்கு அத்தனை பசி எப்படி வந்தது என்று யாரும் கேட்டதில்லை. அவர் உண்டது போக மிஞ்சிய சோறு யார் வீட்டுக்குப் போகிறது என்றும் கேட்டதில்லை. கேட்டிருக்கக்கூடிய வாய்கள் ஏழும் கொட்டிலில் பாடிக்கொண்டிருந்தன.

அந்த எழுவரில் ஒருவர் காத்தாயியார். பெரும்பஞ்ச ஆண்டில், தாமும் தம் கணவரும் தமக்குப் பிறப்போரும் களமுடையாருக்கு அடிமை என்று ஓலை எழுதிக் கொடுத்து, வலது பாதத்தில் சூலக்குறி சுடப்பட்டு, கோயிலுக்கு வந்து சேர்ந்தவர். கணவர் மதில் வேலையின்போது சரிந்த கல்லுக்கு அடியில் போனார். கல்லைப் புரட்டினால் வரிசை கெடும் என்று மேலே கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இன்றைக்கும் அவர் அங்கேதான் இருக்கிறார். மதில் நல்ல உறுதி.

காத்தாயியார் கோயிலுக்குள் ஒருநாளும் கால் வைத்ததில்லை. கருவறையின் திருமஞ்சன நீர் மதிலில் இருந்த ஒரு துளை வழியாகக் கொட்டிலின் பக்கம் வந்து ஒழுகும். விடிந்ததும் அந்த நீரைக் கையில் ஏந்திக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். பிறகு உலக்கையை எடுப்பார். முதல் குத்தில் உமி நீங்கிய முதல் அரிசியை உரலின் விளிம்பில் வைத்து, "இது ஒனக்கு" என்பார். ஒரு சிட்டுக்குருவி வந்து அதைக் கொத்திக்கொண்டு போகும். களமுடையாரே குருவியாக வந்தார் என்று சொல்லிவிட்டால் கதைக்கு அழகாக இருக்கும். ஆனால் அது குருவிதான்.

கொட்டிலுக்குச் சட்டம் ஒன்றே ஒன்று. உலக்கை உயரும்போது வாய் பாட வேண்டும். பாடுகிற வாய் மெல்லாது அல்லவா? இறைவனடியைப் பாட வேண்டும் என்று பெரியோர்கள் உருகி உருகிச் சொல்லியிருக்கிறார்கள். கொட்டிலில் அதைப் பிரம்பு சொன்னது. பொழுது சாய்ந்து வெளியேறும்போது ஒவ்வொருவரும் ஒரு வாய்த் தண்ணீரைக் கொப்பளித்து வெள்ளைச் சட்டியில் துப்ப வேண்டும். தண்ணீரில் தவிடு மிதந்தால் பன்னிரண்டு அடி.

சட்டத்தைக் காத்தவன் கண்காணி அம்பலக்கூத்தன். வாசலில் ஒரு கல்லின் மேல் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பான். அவனுக்குக் கண் தேவையில்லை. இரண்டு தெரு தள்ளி எலி கொறித்தால் அது பச்சரிசியா புழுங்கலரிசியா என்று சொல்லக்கூடிய காது அவனுக்கு. ஒருமுறை எலி நாக்கைக் கடித்துக்கொண்டதையும் சொன்னானாம். ஒரு குரல் ஒரு மூச்சுக்கு மேல் நின்றால், "எவடி அது? தொண்டையில என்ன அடைக்குது?" என்று பிரம்பைத் தரையில் தட்டுவான்.

பெண்கள் பாடினார்கள். அழவேண்டியதையும் பாடினார்கள், அழுதால் அடி, பாடினால் அடியில்லை. எவள் பிள்ளை எந்த ஊருக்கு விற்கப்பட்டது, எவளுக்கு இரத்தம் போகிறது, கண்காணியின் பெண்டாட்டி அவனை ஏன் வாசலில் படுக்க வைத்தாள் என்பதெல்லாம் அந்தக் கொட்டிலில் பாட்டாகத்தான் பரிமாறப்பட்டன. இரகசியச் சொல்லை உலக்கை விழும் ஓசையோடு சேர்த்துப் பாடினால் வாசலுக்குக் குரல்தான் போகும், சொல் போகாது. எல்லாவற்றுக்கும் முதற்பாட்டு காத்தாயியார் கட்டியது:

"களமுடை யாரே, களமுடை யாரே,
குத்துற கையி எங்க கையி,
கொறிக்கிற வாயி யாரு வாயி?
உமியை ஊதி உள்ளதைச் சொல்லு!"

கண்காணிக்கு இந்தப் பாட்டு மிகவும் பிடிக்கும். திருடாதவர்கள்தான் இப்படிக் கேட்பார்கள் என்று நினைத்தான்.

அந்த ஆண்டு ஆடியில் சேந்தி என்பவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. எழுவரில் இளையவள் அவள். அடிமை ஓலையில் "சேந்தி மகள் ஒன்று" என்று சேர்த்துக்கொண்டார்கள். பேறு கண்ட ஒன்பதாம் நாள் சேந்தி உலக்கையோடு நின்றாள். குழந்தை கொட்டில் மூலையில் கந்தல் தூளியில் கிடந்தது. நாளுக்கு ஒரு கலயம் கூழ் குடித்தவளுக்குப் பால் எங்கிருந்து சுரக்கும்? குழந்தை உறிஞ்சிப் பார்த்துவிட்டு அலறும். பிறகு அலறவும் தெம்பில்லாமல் முனகும்.

சேந்தி வேலைக்குத் திரும்பிய மூன்றாம் நாள் காத்தாயியார் பாட்டுக்கு நடுவே, அதே மெட்டில், "சேந்திப் பொண்ணே, ஒரு பிடி அள்ளு" என்று பாடினார். சேந்தி மிரண்டாள். பாடியபடியே, "என் குரலு நிக்குமே, காது கேக்குமே" என்று பதில் பாடினாள்.

"ஒங் கொரல நான் பாடுறேன், நீ மெல்லு."

சேந்தியின் குரல் மெலிந்த குரல். ஒவ்வொரு அடியின் முடிவிலும் சின்ன விக்கல் ஒன்று எழும். அடுத்த அடியில் காத்தாயியாரின் தொண்டையிலிருந்து இரண்டு குரல்கள் புறப்பட்டன. ஒன்று அவருடையது. மற்றது விக்கலோடு சேந்தியுடையது. ஒரு தொண்டையில் இரண்டு குரல் எப்படி வரும் என்று கேட்பவர்கள், ஒரு பிள்ளை பசியில் முனகுவதைக் கேட்டுக்கொண்டே முயன்று பார்க்கட்டும். சேந்தி உலக்கை விழும் ஓசையோடு ஒட்டி ஒரு பிடி பச்சரிசியை மென்றாள். வாசலில் கண்காணி கண்ணைத் திறக்கவில்லை.

இரண்டு நாளில் பால் சுரந்தது. பெண்கள் பார்த்தார்கள். அவர்களுக்கும் வயிறு இருந்தது. மறுநாள் இடப்பக்கத்து உரலில் நின்ற கட்டைக் குரல்காரி, "அக்கா, என் கொரல் ரொம்பக் கரகரப்பு, ஒனக்கு வராது" என்று பாடினாள். காத்தாயியாருக்கு வந்தது. அடுத்தவள் மூக்கால் பாடுகிறவள். அதுவும் வந்தது. ஒரு மாதத்துக்குள், ஆறு பேர் குனிந்து மெல்ல, காத்தாயியார் ஒருவரே ஏழு குரலில் பாடினார். நடுநடுவே ஒருத்தி இருமுவதையும் சேர்த்துப் பாடினார். அந்தியில் கடைசிப் பாட்டை மட்டும் இழுத்து இழுத்து நீட்டுவார். அதற்குள் ஆறு நாக்குகளும் பல்லிடுக்கில் ஒளிந்த தவிட்டைத் துழாவி விழுங்கிவிட வேண்டும். துப்பும் தண்ணீர் சுனைநீர்போல் தெளிவாக இருந்தது.

"நீ எப்ப அக்கா திம்பே?" என்று ஒருநாள் சேந்தி கேட்டாள்.

"ஏழு பேரு பாட்டும் என் வாயில இருக்குடி. அரிசிக்கு எடம் ஏது?"

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் ஒரு பருக்கையும் அவர் தின்றதில்லை. ஒவ்வொரு நாள் காலையிலும் மதில் துளையின் முன் நின்று மட்டும், "ஒன் சோத்துலதான் கை வச்சிருக்கோம். ஒனக்கு மூணு வேளை. அந்தப் புள்ளைக்கு ஒரு வேளை. கோபம்னா என்னைய மட்டும் கேளு" என்று சொல்லிவைப்பார். துளையிலிருந்து நீர் ஒழுகியது. வேறு பதில் வரவில்லை.

ஐப்பசி மழை நாளொன்றில், வெளியேறும்போது சேந்தி துப்பிய தண்ணீரில் ஒரு தவிட்டுச் செதில் மிதந்தது. ஒன்றே ஒன்று. கண்காணி சட்டியை வெளிச்சத்தில் சாய்த்து வெகுநேரம் பார்த்தான்.

"நாள் முச்சூடும் ஒன் கொரலு கேட்டுச்சே. விக்கலோட கேட்டுச்சே. பாடிக்கிட்டே எப்படித் தின்னே?"

கண்காணி பிரம்பை எடுத்தான்.

"காதாலயா தின்னே? சொல்லிட்டா ஆறு அடி. சொல்லலன்னா பன்னெண்டு."

காத்தாயியார் முன்னே வர ஓர் அடி எடுத்தார். சேந்தி அவரைப் பார்த்து மிக லேசாகத் தலையை அசைத்தாள். தூளியைக் கண்ணால் காட்டினாள். பாடும் வாய் போனால் பிள்ளையும் போகும், மற்ற ஐந்து பேரும் போவார்கள். காத்தாயியார் நின்றுவிட்டார். அன்று நின்றதற்காகப் பிறகு வாழ்நாள் முழுவதும் தம்மைத் தாமே அடித்துக்கொண்டார்.

பன்னிரண்டு அடி. பிள்ளை பெற்ற பச்சை உடம்பு ஏழாவதிலேயே சாய்ந்தது. மீதி ஐந்தைப் படுத்த நிலையில் கொடுத்தான், கணக்கில் நேர்மையானவன். சேந்தி நான்கு நாள் கிடந்து ஐந்தாம் நாள் விடியலில் இறந்தாள். ஓலையில் அவள் பெயரை அடித்துவிட்டார்கள். "சேந்தி மகள் ஒன்று" என்பது மட்டும் அப்படியே நின்றது.

அன்று கொட்டிலில் ஆறு பெண்கள். கண்காணி கல்லில் உட்கார்ந்து, "பாடுங்கடி, ஆறு கொரலு கேக்கணும். ஒண்ணு கொறைஞ்சாலும் தெரியும், ஒண்ணு கூடினாலும் தெரியும்" என்றான். கூடினால் என்பதை அழுத்திச் சொன்னான். மூக்கால் பாடுகிறவள் காத்தாயியாரின் காதோரம் வந்து, "அக்கா, இன்னிக்கி ஒன் கொரலு மட்டும். நாங்க யாரும் அரிசியத் தொடல. பட்டினி கெடப்போம்" என்றாள். அவ்வாறே ஆறு பேரும் அவரவர் குரலில் பாடினார்கள்.

தூளியில் குழந்தை அழுதது. கட்டைக் குரல்காரி கஞ்சித் தண்ணீரில் துணியை நனைத்து வாயில் வைத்தாள். துப்பியது. தேன் தடவினாலும் துப்பியிருக்கும். பிறந்த நாள் முதல் விக்கலோடு முடியும் ஒரு குரலைக் கேட்டே அது வாயைத் திறந்து பழகியிருந்தது. உச்சிப்பொழுது வந்தது. அழுகை முனகலாயிற்று. முனகல் மூச்சாயிற்று. உலக்கைகள் விழுந்தன. ஆறு குரல்கள் எழுந்தன.

காத்தாயியார் உலக்கையை உயர்த்தியவாறே மதில் துளையைப் பார்த்தார். "நீ கேக்க மாட்டே, நான் கேக்குறேன்" என்றார். பிறகு சேந்தியின் குரலைப் பாடினார்.

மெலிந்த குரல். அடியின் முடிவில் விக்கல். மூச்சாய்க் கிடந்த குழந்தை தலையைத் திருப்பியது. வாயைத் திறந்தது. கட்டைக் குரல்காரி ஓடிப்போய்க் கஞ்சித் துணியை வைத்தாள். குழந்தை சப்பிக் குடித்தது. செத்தவள் பாடிக்கொண்டேயிருந்தாள்.

கண்காணி கண்ணைத் திறந்து விரலை மடக்கினான். ஆறு விரல் மடங்கின. ஏழாவதும் மடங்கிற்று. அவன் உள்ளே வந்தபோது காத்தாயியார் பாட்டை நிறுத்தவில்லை. பிள்ளை இன்னும் குடித்துக்கொண்டிருந்தது.

"நீதானா? ஏழும் நீதானா?"

"குடிச்சு முடிக்கட்டும் ஐயா. அப்புறம் அடிங்க."

அடிக்கவில்லை. இது அடியில் தீர்வதல்ல என்று விவகாரம் கோயில் அதிகாரியிடம் போனது. அதிகாரி படித்தவர், நிதானமானவர், கொசுவைக்கூட ஊதித்தான் விரட்டுவார். "காலில் சூலக்குறி இருக்கிறது. கால் திருடவில்லை, நாக்குதான் திருடியிருக்கிறது. ஆகவே நாக்கிலும் குறி இடுவதே முறை" என்று தீர்ப்புச் சொன்னார்.

மறுநாள் காலை கொட்டில் வாசலில் கரியை மூட்டி இரும்பைப் பழுக்கக் காய்ச்சினார்கள். "உலக்கை நிக்கக் கூடாது. உச்சிப் பூசைக்கு நேரமாவுது. பாடுங்கடி" என்றான் கண்காணி. ஐந்து பெண்கள் உள்ளே பாடினார்கள். வாசலில் காத்தாயியாரின் தலையை இருவர் பிடித்தார்கள்.

"நாக்க நீட்டு. சாமி பேரு எழுதப்போறோம்" என்றான் ஒருவன் சிரித்துக்கொண்டு.

"எழுதுங்க. எனக்கு எழுத்துத் தெரியாது. அவனே படிச்சுக்கிடட்டும்" என்றார் காத்தாயியார். அதுவே அவர் கடைசியாகப் பேசியது. நாக்கை அவரே நீட்டினார்.

உள்ளே பாட்டு ஒரு மூச்சு நின்றது. பிரம்பு தரையில் தட்டியது. பாட்டு மீண்டும் எழுந்தது. காத்தாயியாரின் வாயில் சாம்பலை அப்பி, உலக்கையைக் கையில் கொடுத்தார்கள். அவர் போய்த் தம் உரலில் நின்றார். உமி நீங்கிய முதல் அரிசியை விளிம்பில் வைத்தார். "இது ஒனக்கு" என்று சொல்ல வாயில்லை. வைத்துவிட்டு மதிலைப் பார்த்தார். குருவி வந்தது.

உச்சிப் பூசைக்குக் குருக்கள் அமுதை வைத்துத் திரையை இழுத்தார். திரைக்கு உள்ளே, கருவறையில், யாரோ பாடினார்கள். கட்டைக் குரல் ஒன்று. மூக்குக் குரல் ஒன்று. விக்கலோடு ஒன்று. எண்ணினால் ஏழு. உலக்கை விழும் ஓசையும் கேட்டது. குருக்கள் திரையை நீக்கிப் பார்த்தார். களமுடையார் வழக்கம்போல் கல்லாய் இருந்தார். சரி, மழைக்காலத்துக் காது என்று நினைத்துக்கொண்டு, அமுது முடிந்தபின் வாய் கொப்பளிக்க நீர் காட்டும் சடங்கைச் செய்தார். நீரைக் காட்டி வட்டிலில் விட்டார். வட்டில் நீரில் தவிடு மிதந்தது.

குருக்கள் விவரமானவர். சுற்றிலும் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் அதை நீர் போகும் வழியில் கொட்டினார். இரண்டாம் முறை காட்டினார். இந்தமுறை தவிட்டோடு நொய்யும் இருந்தது. அதையும் கொட்டினார். மூன்றாம் முறை மென்று பாதியான பச்சரிசி வட்டிலின் அடியில் படிந்தது. குருக்கள் வட்டிலைக் கையில் பிடித்தபடி வெளியே ஓடிவந்தார்.

அதிகாரி வந்தார். சபையார் வந்தார்கள். தவிடு பார்க்கத் தெரிந்தவன் வேண்டும் என்று கண்காணியைக் கூப்பிட்டார்கள். கேள்வி என்ன என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அவன் வட்டிலை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான்.

"நம்ம கொட்டிலு செந்நெல்லுதான். இன்னிக்கிக் காலையில குத்துனது. நல்லா மென்னு தின்னுருக்கா" என்றான். "பன்னெண்டு அடி. யாரு துப்புனது?"

எல்லோரும் கருவறையைப் பார்த்தார்கள். அவனும் பார்த்தான். அப்போது திறந்த சந்நிதிக்குள்ளிருந்து, விளக்கு அசையாமல், ஏழு குரலில் பாட்டு எழுந்தது:

"களத்துப் பெண்டுகளே, களத்துப் பெண்டுகளே,
குத்துன கையி ஒங்க கையி,
கொறிச்ச வாயி என் வாயி,
உமியை ஊதி உள்ளதைச் சொன்னேன்!"

அதிகாரி தரையில் விழுந்தார். சபையார் விழுந்தார்கள். கண்காணி மட்டும் நின்றுகொண்டிருந்தான். அவன் காதுக்குள் விக்கல் கேட்டது. கையிலிருந்த பிரம்பை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

மதிலுக்கு வெளியே, குருக்கள் கொட்டிய நீர் துளை வழியாக வந்து ஒழுகியது. உலக்கையை ஊன்றி நின்ற காத்தாயியார் அந்தப் பாட்டைக் கேட்டார். தள்ளாடி நடந்து துளையின் முன் உட்கார்ந்து இரு கையையும் ஏந்தினார். உள்ளங்கையில் தவிடும் நொய்யும் சேர்ந்த நீர். அவருக்குப் புரிந்தது. வெந்த நாக்கால் மெல்ல முடியாது, அப்படியே விழுங்கினார். பதினோரு ஆண்டுகள் அந்தக் கொட்டிலில் நெல் குத்தியவர், அதன் அரிசியை அன்றுதான் முதன்முதலாக உண்டார். அதுவும் களமுடையார் மென்று கொடுத்தது.

சபை மூன்று நாள் கூடியது. இறைவன் திருடியதாக எழுத முடியாது. எழுதாமல் விடவும் முடியாது. முடிவில், கொட்டில் பெண்களின் வாய் வழியாகவும் களமுடையார் அமுது செய்கிறார் என்றும், ஆகவே ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டு பிடி அரிசி அளக்க வேண்டும் என்றும் கல்லில் வெட்டினார்கள். விடுதலை கொடுத்தார்களா என்று கேட்பீர்கள். கொடுக்கவில்லை. கல்லில் அதற்கு இடம் போதவில்லையாம். காத்தாயியாரின் நாக்கும் ஆறவில்லை. ஆறியது என்று சொல்ல எனக்கும் ஆசைதான்.

அம்பலக்கூத்தனுக்குக் கை விழவில்லை, கண் அவியவில்லை. நன்றாக உண்டு எழுபது வயது வரை இருந்தான். காது மட்டும் கடைசிவரை கெடவேயில்லை. பாட வேண்டும் என்ற சட்டத்தை எடுத்துவிட்ட பின்னும் கொட்டிலில் பாட்டு நிற்கவில்லை. அவன் கல்லில் உட்கார்ந்து விரலை மடக்குவான். உள்ளே பாடும் வாய்கள் ஐந்து. விரல்கள் ஏழு மடங்கும். ஏழாவது விரல் மடங்கும்போதெல்லாம் ஒரு விக்கல் கேட்கும். எழுந்து போகலாம் என்றால், வீட்டிலும் கேட்டது.

தூளியில் கிடந்த பெண்ணுக்குக் கொட்டில் பெண்கள் குரலாயி என்று பெயரிட்டார்கள். தன் தாய் இறந்துவிட்டாள் என்பதை ஏழு வயது வரை அவள் நம்பவில்லை. தினமும் தாயின் குரலைக் கேட்டுக்கொண்டிருப்பவளிடம் அதை எப்படிச் சொல்வது? பாடாத வாயோடு உலக்கை போட்ட காத்தாயியார் அவளை மடியில் வைத்துக்கொண்டு மதில் துளையைக் காட்டுவார். அவ்வளவுதான் அவர் பேச்சு.

தாம் உண்ணாமல் ஆறு வாய்க்கு வழிவிட்டவர். இறைவனையே சட்டியில் துப்ப வைத்தவர். நாக்கில் எழுதியதை அவனே வந்து படிக்கும்வரை உரலைவிட்டு நகராதவர். தவிடு ஒட்டிய அந்தப் பாதங்களை நம் தலைமேல் வைத்துக்கொள்வோம். சூலக்குறி சற்றே உறுத்தும், பொறுத்துக்கொள்வோம்.